கோலம், மின்கட்டணம், குழுக் கணக்கு: மாணவிகளை விசைப்பலகையில் உட்காரவைக்கும் வழி

ஆரணிப் பக்கத்தில் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். பெண்களைக் கணினிப் படிப்புக்குக் கொண்டுவருவது எப்படி என்று இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்காவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அங்கே 1980களின் நடுவில் கணினி அறிவியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். பிறகு அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. அவர்கள் கவலை அது. நம் ஊரில் சிக்கல் வேறு. பிளஸ் ஒன் சேர்க்கையன்று கணினிப் பிரிவுக்கு வரிசை நிற்கிறது, வகுப்பு நிரம்புகிறது. பாடப் புத்தகத்தில் பைத்தான் என்ற கணினி மொழியில் உள்ள நிரல்களை வரி மாறாமல் மனப்பாடம் செய்து எழுத்துத் தேர்வின் 70க்கு 65 வாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். செய்முறைக்கு உள்ள 20 மதிப்பெண்ணும் வந்துவிடும். பள்ளி முடிந்ததும் அதே பெண்ணிடம் கல்லூரியிலும் இதையே படிக்கிறாயா என்று கேட்டால், "அதை வைத்து என்ன செய்வது மிஸ்?" என்கிறாள்.

அந்தக் கேள்விக்குச் சொற்பொழிவு பதில் ஆகாது. கணினித் துறையின் எதிர்காலம், பன்னாட்டு நிறுவனம், லட்சத்தில் சம்பளம் என்று பேசிப் பார்த்தவர்கள் எல்லாரும் என்னோடு ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். அவள் எழுதிய நிரலின் விடைக்காக அவள் வீட்டில் ஒருவராவது காத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பாடம் நடத்துகிறவர்களுக்கும், தங்கைக்கோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ சொல்லிக்கொடுக்க நினைப்பவர்களுக்கும் அதை எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன்.

முதலில் நாற்காலி

மூன்று பேருக்கு ஒரு கணினி என்றால், ஒருத்தி தட்டுவாள், இருவர் எட்டிப் பார்ப்பார்கள். ஆண்டு முழுக்க அதே ஒருத்திதான் தட்டுவாள். இருபாலர் பள்ளியானால் அந்த ஒருவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. இதை மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும் என்பது என் வகுப்பின் சட்டம். விசைப்பலகையில் இருப்பவள் சொந்தமாக எதுவும் எழுதக் கூடாது. பக்கத்தில் இருப்பவள் வாயால் சொல்வதை மட்டுமே எழுத வேண்டும். மூன்றாமவள் தாளில் குறிப்பு எடுப்பாள். தெரிந்தவள் சொல்ல, தெரியாதவள் தட்ட, இருவருமே விளங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது.

கோடை விடுமுறையில் தனியார் கணினி மையத்துக்குப் போய்வந்த ஒரு பெண் எல்லா வகுப்பிலும் இருப்பாள். கேள்வி முடிவதற்குள் விடை சொல்லிவிடுவாள். மற்றவர்கள் தமக்கு மூளை இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவளைக் கண்டிக்க வேண்டாம், தனியாகக் கடினமான வேலை ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995இல் கணினி அறிவியல் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம், 2000இல் 42 சதவீதம். முன்பே நிரல் எழுதத் தெரிந்திருப்பதைச் சேர்க்கையில் பெரிதாக எண்ணாமல் விட்டது, தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் வெவ்வேறு தொடக்க வகுப்பு வைத்தது, இந்தப் படிப்பு மருத்துவத்திலும் கல்வியிலும் எதற்கு உதவுகிறது என்று காட்டியது எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. இவற்றில் இரண்டாவதை நாம் ஒரே அறைக்குள் செய்துகொள்ளலாம்.

கோலத்தில் தொடங்குங்கள்

பிளஸ் ஒன்னில் பாடம் சி பிளஸ் பிளஸ் என்ற மொழி, பைத்தான் பிளஸ் டூவில்தான். ஆனாலும் முதல் இரண்டு வாரத்தில் சில வகுப்புகளை எடுத்துக்கொண்டு பைத்தானில் உள்ள ஆமை (turtle) என்ற வரையும் கருவியைக் காட்டிவிடுகிறேன். திரையில் ஒரு முனை நகரும், நகர்ந்த வழியெல்லாம் கோடு விழும். பைத்தானோடேயே வருவதால் இணைய இணைப்பு வேண்டாம். ஒரு எச்சரிக்கை: பள்ளிக் கணினியில் லினக்ஸ் இருந்தால், ஆமை ஓடத் தேவையான டிகே-இன்டர் என்ற பகுதியைத் தனியாக நிறுவவேண்டி வரலாம். முந்தைய நாளே ஓட்டிப் பாருங்கள். நாற்பது பெண்களை உட்காரவைத்துவிட்டு நிறுவத் தொடங்கினால் அந்த வகுப்பு போயிற்று.

புள்ளி வைப்பதுதான் முதல் வேலை. "ஊடுபுள்ளி, 7இலிருந்து 4 வரை" என்றால் எந்தப் பெண்ணுக்கும் விளக்கம் தேவைப்படாது. நடு வரிசையில் ஏழு, மேலும் கீழும் ஆறு, ஐந்து, நான்கு. மொத்தம் எத்தனை புள்ளி என்று கேளுங்கள்: 37. மார்கழியில் போடும் 15இலிருந்து 8 வரையான கோலத்துக்கு? 169. தாளில் எண்ணியவர்கள் களைத்த பிறகு, வரிசைக்கு ஒரு சுற்று (ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது), அதற்குள் புள்ளிக்கு ஒரு சுற்று என்று எழுதச் சொல்லுங்கள். சுற்றுக்குள் சுற்று என்பது பாடப் புத்தகத்தில் எண்களை முக்கோணமாக அச்சிடும் நிரலாக வரும். அதைப் பார்த்து மிரள்கிறவர்கள் இங்கே மிரள்வதில்லை. ஒவ்வொரு வரிசையும் அரைப் புள்ளி தள்ளித் தொடங்க வேண்டும் என்று அவர்களே என்னிடம் சொல்வார்கள்.

அடுத்தது சிக்குக் கோலம். ஆமைக்கு இரண்டே கட்டளை: 80 அலகு முன்னே போ, பிறகு 20 அலகு ஆரத்தில் 270 பாகை அளவுக்கு வளைந்து வா. இதை நான்கு முறை செய்யச் சொன்னால், நான்கு புள்ளிகளைச் சுற்றி நான்கு கண்ணிகளோடு ஒரே இழையில் கோலம் மூடிக்கொள்ளும். புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் அதே 80. இனி எண்களை மாற்றிப் பார்க்கட்டும். 270க்குப் பதில் 90 கொடுத்தால் முனை மழுங்கிய சதுரம் வரும், கண்ணி வராது. 240 கொடுத்து மூன்று முறை ஓட்டினால் மூன்று புள்ளிக்கு மூடும். 300 கொடுத்தால் ஆறு முறை. ஐந்து புள்ளிக்கு என்ன எண் என்று கேட்டுவிட்டு வெளியே போய்விடுங்கள். திரும்பி வரும்போது யாராவது 288 என்று கண்டுபிடித்திருப்பார்கள். 360ஐப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை 360இலிருந்து கழித்தால் போதும் என்ற விதியை அவர்கள் தாமாகப் பிடிக்கிற வரைக்கும் நீங்கள் பொறுத்திருக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு இதுதான் கடினம்.

இது விளையாட்டுதானே என்று தலைமையாசிரியர் கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கிறது. 1974இலேயே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண முறையில், அதாவது சில விதிகளிலிருந்தே வடிவங்களை உருவாக்கும் முறையில், விவரித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சிரோமணி தம்பதியர் தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றியவர்கள். கமலா கிருத்திவாசன் பின்னர் கிண்டிப் பக்கத்தில் உள்ள சென்னை ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தார். மூவரில் இருவர் பெண்கள். பெண் ஆளுமைகள் என்று சுவரில் ஒட்டுவதற்கு முதல் நிரலாளர் என்று சொல்லப்படும் அடா லவ்லேஸ் படத்தைத் தேடும் பள்ளிகள் தாம்பரத்தையும் கிண்டியையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

தறி இருக்கும் ஊர் என்றால்

எங்கள் பகுதியில் பட்டுத் தறி இருப்பதால் இன்னொரு வசதி. சேலைக் கரையின் அன்னமோ ருத்ராட்சமோ முதலில் கட்டம் போட்ட தாளில் வரையப்படுகிறது. நிரப்பிய கட்டம் என்றால் அந்த இடத்தில் பாவு இழை மேலே எழ வேண்டும். தறிக்கு வடிவத்தைச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் அது ஒரு துளை. துளை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. பிரான்ஸில் 1800களின் தொடக்கத்தில் வந்த இந்த அட்டை முறையைத்தான் ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் தம் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். ஜக்கார்டு தறி பூவும் இலையும் நெய்வதைப் போல அந்தப் பொறி இயற்கணித உருவங்களை நெய்யும் என்று 1843இல் எழுதியவர் அடா லவ்லேஸ். அவரை எங்கள் வகுப்பில் இந்த இடத்தில்தான் அறிமுகப்படுத்துகிறேன்.

மாணவிகளிடம் 16க்கு 16 கட்டத்தில் ஒரு பூவின் பாதியை மட்டும் 0, 1 என எழுதச் சொல்லுங்கள். மறுபாதியைக் கணினி திருப்பிப் போட வேண்டும். பிறகு அதைக் கரை நீளத்துக்குப் பத்து முறை அடுக்க வேண்டும். பட்டியல், பட்டியலைத் திருப்புதல், சுற்று மூன்றும் முடிந்துவிடும். ஒன்று கவனிக்க வேண்டும்: நெசவாளர் வீட்டுப் பெண் எல்லாரும் தறியைப் பற்றி வகுப்பில் பேச விரும்புவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தறியிலிருந்து தப்பிக்கத்தான் அவள் பள்ளிக்கு வருகிறாளோ என்னவோ. அவளாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாக அவளைக் கைகாட்டி அழைக்க வேண்டாம்.

உங்கள் ஊரில் தறி இல்லையென்றால் தையல் கடையின் அளவு நோட்டு இருக்கும், பால் சங்கத்தின் கொழுப்பு அளவுக் கணக்கு இருக்கும். எதுவானாலும், அந்த நோட்டை வைத்திருப்பவர் யார் என்று மாணவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளை அட்டை

அப்பாக்களைக் கவரும் நிரல் மின்கட்டணம். நான் பயன்படுத்துவது 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணம். பிறகு விலை மாறிவிட்டது. உங்கள் மாணவிகள் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளட்டும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. மொத்தம் 500ஐத் தாண்டினால் 101இலிருந்தே 400 வரை 4.50, 500 வரை 6, 501 முதல் 600 வரை 8 ரூபாய்.

'இப்படியானால் அப்படி' என்ற நிபந்தனை வரிகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பெரும்பாலோர் முதலில் ஒரே அடுக்காக எழுதிவிடுவார்கள். 501ஐக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501க்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். அப்படி வராவிட்டால் நிரல் தவறு. எல்லை எண்களைச் சோதிப்பது என்ற பழக்கம் இங்கே படிகிறது: 100, 101, 500, 501. மென்பொருள் நிறுவனங்களில் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அப்போது சொன்னால் காதில் விழும்.

மின்கணக்கு எடுப்பவர் குறித்துவைக்கும் வெள்ளை அட்டையில் உள்ள பழைய அளவுகளை எடுத்துவந்து, எந்த மாதம் 500ஐத் தாண்டினோம் என்று ஒருத்தி அப்பாவிடம் காட்டினாள். அவர் மறுநாள் பள்ளிக்கு வந்தார். புகார் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அட்டையையும் கொண்டுவந்திருந்தார்.

குழுக் கணக்கு

பிளஸ் டூவில் கோப்புகளும் தரவுத்தளமும் வரும்போது மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை எடுங்கள். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய இந்த முயற்சி இன்று இல்லாத ஊர் இல்லை. வகுப்பில் பாதிப் பேரின் அம்மாவோ பெரியம்மாவோ ஏதாவது ஒரு குழுவில் இருப்பார். உறுப்பினர், சேமிப்பு, கடன், தவணை என்று நான்கு அட்டவணை. இரண்டு தவணை பாக்கி வைத்தவர் யார், இந்த மாதம் குழுவின் கையிருப்பு எவ்வளவு என்று கேள்வி கேட்டால் விடை வர வேண்டும். புத்தகத்தில் உள்ள மாணவர் பெயர், வகுப்பு, மதிப்பெண் என்ற அட்டவணையைவிட இது எத்தனையோ மேல். ஏனென்றால் மாதக் கடைசியில் நோட்டோடு உட்கார்ந்து கூட்டிக் கூட்டி மாய்கிற ஊக்குநர் ஒருவர் உண்மையாகவே இருக்கிறார்.

வட்டிக் கணக்கைக் கட்டாயம் செய்ய வையுங்கள். 5,000 ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, மாதம் 500 அசல் என்று பத்து மாதத்தில் அடைக்க வேண்டும். மீதமுள்ள தொகைக்கு மட்டும் வட்டி என்றால் மொத்த வட்டி 275 ரூபாய். கடைசி வரை முழுத் தொகைக்கே வட்டி என்றால் 500. இரண்டுக்கும் ஒரே வட்டி விகிதத்தைத்தான் வாயால் சொல்வார்கள். சுற்று ஒன்றை எழுதி இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்ட பெண்கள், வாரத் தவணைக்காரரிடம் அம்மா கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியைத் தெரிந்துகொண்டவர்கள்.

ஆனால் உண்மையான பெயர் திரையில் வரக் கூடாது. இதில் நான் கண்டிப்பானவள். யார் வீட்டில் எவ்வளவு கடன் என்பது வகுப்புக்குத் தெரிய வேண்டியதில்லை. உறுப்பினர் எண் மட்டும் போதும், தொகையும் கற்பனைத் தொகையாக இருக்கட்டும். பிறருடைய தகவலைக் கையாளுகிறவருக்கு என்ன பொறுப்பு என்று தனிப் பாடம் நடத்தாமலே இங்கே புரிந்துவிடுகிறது.

மொழி பற்றி ஒரு சிறு வழி: பைத்தானின் மூன்றாம் பதிப்பில் மாறிகளுக்கு, அதாவது மதிப்புகளைப் போட்டுவைக்கும் இடங்களுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம். அசல், வட்டி, தவணை என்று எழுதினால் ஓடும். கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும், அவை மிகச் சில. தமிழ்வழியில் படித்த பெண்ணுக்கு முதல் மாதம் இப்படிப் போகட்டும், ஆங்கிலப் பெயர்களைப் பிறகு பழகிக்கொள்வாள். பிழைச் செய்தி வந்தால் மட்டும் ஆங்கிலத்தைத் தவிர்க்க முடியாது. கடைசி வரியை முதலில் படி, பிறகு வரி எண்ணைப் பார் என்று சொல்லிக்கொடுங்கள். சிவப்பு எழுத்தைக் கண்டதும் என்னமோ கெடுத்துவிட்டோம் என்று கையை எடுத்துவிடுகிறார்கள். பிழை வராத நாளே எனக்கும் இல்லை என்று தெரிய, அவர்கள் முன்னால் தயாரிப்பில்லாமல் நிரல் எழுதுங்கள்.

வீட்டில் கணினி இல்லை

பெரும்பாலான வீடுகளில் இல்லை. இருக்கும் கைபேசி அண்ணனுடையது அல்லது அப்பாவுடையது. ஆண்ட்ராய்டில் பைடிராய்டு போன்ற செயலியை ஒருமுறை நிறுவிவிட்டால் பிறகு இணையம் இல்லாமலேயே பைத்தான் எழுதலாம்; கோலத்துக்குச் சிறிய திரை போதாது, வட்டிக் கணக்குக்குப் போதும். அதுவும் கிடைக்காதவளுக்குத் தாள். நிரலைத் தாளில் எழுதி, ஒவ்வொரு வரியிலும் மாறியின் மதிப்பு என்ன என்று பக்கத்தில் எழுதிக்கொண்டுவரச் சொல்கிறேன். மறுநாள் மதிய உணவு இடைவேளையில் ஆய்வகத்தைத் திறந்துவைத்தால் போதும். மாலையில் வைக்காதீர்கள், கடைசி டவுன் பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் முதல் அவளை அனுப்ப மாட்டார்கள்.

பெற்றோரிடம் பேசும்போது வேலை, சம்பளம் என்று நீட்ட வேண்டாம், செலவைப் பேசுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரி சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021இல் வந்தது. பொறியியலுக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. வணிகவியல் பிரிவில் கணினிப் பயன்பாடுகள் படித்தவளுக்கு பி.சி.ஏ. இருக்கிறது. வெளியூர் அனுப்பத் தயங்கும் வீட்டுக்கு, 2020இல் சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் தொடங்கிய தரவு அறிவியல் பட்டத்தைச் சொல்லலாம். நுழைவுத் தகுதியை நான்கு வாரப் பாடத்தின் வழியாகவே பெறலாம். தேர்வு எழுத மட்டும் மையத்துக்குப் போக வேண்டும்.

பேச வெளியிலிருந்து யாரையாவது அழைப்பதானால் போன வருடம் படித்து முடித்து இப்போது கல்லூரியில் முதலாண்டில் இருக்கும் பெண்ணை அழையுங்கள். பெரிய பதவியில் இருப்பவர் வந்தால் கைதட்டுவார்கள்; இவளிடம்தான் விடுதியில் சாப்பாடு எப்படி, முதல் பருவத்தில் தேறாமல் போனாயா என்றெல்லாம் கேட்பார்கள்.

பிளஸ் டூ தேர்வுக்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரியை ஆய்வகத்தில் உட்காரவைத்து உருவாக்குங்கள். கடவுச்சொல் அவளுக்குத் தெரிய வேண்டும், வீட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதிய நிரல்கள் எல்லாவற்றையும் அதே முகவரிக்கு அனுப்பி வைக்கட்டும். கல்லூரி விண்ணப்பத்தை பிரவுசிங் சென்டரில் நிரப்பும்போது, கடை நடத்துகிறவர் அவசரத்துக்குத் தம் எண்ணையே போட்டுவிடுவார். கலந்தாய்வு நாளில் ஓ.டி.பி. அவர் கைபேசிக்குப் போகும், கடை பூட்டியிருக்கும். அம்மாவின் எண்ணைப் போடச் சொல்லுங்கள், கலந்தாய்வு முடியும் வரை அந்த எண்ணில் ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.